சிட்சையின் இலக்கணம்

1

தமிழ் விவிலியத்தில் 'சிட்சை' என்றொரு சொல் வருகிறது. தேவாலயத்துக்கு வெளியே அதற்கு இன்று அநேகமாகப் புழக்கமில்லை. வடமொழியில் அதன் மூலமான 'சிக்ஷா' கற்பித்தலைக் குறித்தது. வேதத்தைப் பிழையறச் சொல்லப் பழக்கும் சாஸ்திரத்துக்கும் அதுவே பெயர். இந்திக்காரருக்கு இன்றும் அது கல்விதான். மலையாளத்திலும் தெலுங்கிலும் தண்டனையாகிவிட்டது. நான் வசிக்கிற மீஞ்சூரிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டியை நோக்கிப் போகப் போகத் தெலுங்கு காதில் விழும். அந்த மொழியில் 'சிக்ஷ' என்றால் நீதிமன்றம் விதிப்பது. 'சிக்ஷண' என்றால் பயிற்சி. ஒரே வேர் ஒரு வீட்டில் பள்ளிக்கூடமாகவும் அடுத்த வீட்டில் சிறைச்சாலையாகவும் முளைத்திருக்கிறது.

மூலமொழிகளிலும் இதே நிலைதான். நீதிமொழிகளின் எபிரேயச் சொல்லான 'மூசார்' போதனை, திருத்தம் இரண்டையும் பிரிக்காமல் சொல்வது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் கிரேக்கச் சொல் 'பைதெய்யா'. கிரேக்கர்கள் ஒரு பிள்ளையை ஆளாக்கும் காரியம் முழுவதற்கும் அந்தச் சொல்லையே வைத்திருந்தார்கள். ஆகவே, தமிழாக்கியவர்கள் 'தண்டனை' என்று போடாமல் 'சிட்சை' என்று போட்டது நல்ல காது உள்ளவர்கள் செய்த காரியம்.

நிருபத்தின் 12ஆம் அதிகாரம் நீதிமொழிகளின் 3ஆம் அதிகாரத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசுகிறது. ஆண்டவர் யாரிடம் அன்பு வைக்கிறாரோ அவரைத்தான் திருத்துகிறார். திருத்தப்படாத பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளையே அல்ல என்பது அதன் வாதம். இதைப் படித்தவுடன் முகம் சுளிப்பது நம் போன்றவர்களுக்கு எளிது. கடவுளின் உருவில் ஒரு கொடுங்கோல் தகப்பன், அடியில் சுகம் காணும் பக்தன் என்று இரண்டு வரியில் மனோதத்துவம் பேசி முடித்துவிடலாம். ஆனால் எதிர்நிலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 'தட்டிக் கேட்க ஆளில்லாதவன்' என்று நாம் ஒருவனைச் சொல்லும்போது அதில் வசை பாதி, இரக்கம் பாதி. நான் எப்படிப் போனாலும் கவலைப்படாத ஒரு கடவுளை விட என்னைத் தட்டிக் கேட்கும் கடவுள் நெருக்கமானவர். அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்கள் விசுவாசத்துக்காக உடைமையைப் பறிகொடுத்தவர்கள், நிந்தை பட்டவர்கள், களைத்துப்போனவர்கள். 'நாங்கள் கைவிடப்பட்டோமா?' என்பது அவர்களுடைய கேள்வி. 'இல்லை, நீங்கள் வீட்டுப் பிள்ளைகள்' என்பது பதில். இந்தப் பதிலில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. எனக்கு விசுவாசம் உண்டா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் பிரச்னை அல்ல. இந்த வாக்கியம் எப்போது உண்மையாகிறது, எப்போது குரூரமாகிறது என்பதே பிரச்னை.

2

இந்த எண்ணம் கப்பலேறி வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இதே உவமையை வைக்கிறார். சொன்னபடி கேளாத பிள்ளையைப் பெற்றவர்கள் அதட்டுவார்கள், வளாரால் அடிப்பார்கள், கட்டியும் போடுவார்கள், பார்க்கப்போனால் எல்லாம் பரிவுதான், ஈசனின் கோபமும் இவ்வகையே என்கிறார். சைவ சித்தாந்திகள் இதற்கு 'மறக்கருணை' என்று பெயரே வைத்தார்கள். அருள் அருளாகவே வந்தால் அறக்கருணை. அடியாக வந்தால் மறக்கருணை.

குலசேகர ஆழ்வாரிடமும் இந்த அனுபவம் இருக்கிறது. பெருமாள் திருமொழியில் விற்றுவக்கோட்டு அம்மானைப் பாடும் பத்தில், பெற்ற தாய் கோபத்தில் ஒதுக்கித் தள்ளினாலும் அவள் அருளையே நினைத்து அழும் குழந்தை வருகிறது. அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியும் வருகிறான்.

இரண்டும் ஒன்றையே சொல்வதாகத்தான் உரைகாரர்கள் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. சித்தியார் தகப்பனின் பக்கம் நின்று விளக்குகிறது. அங்கே பேசுபவனுக்கு முதுகு வலிக்கவில்லை. குலசேகரர் குழந்தையின் வாயால் பேசுகிறார். கத்தி பட்ட உடம்பின் வாயால் பேசுகிறார். அங்கே 'இது பரிவு' என்ற விளக்கம் கிடையாது. 'இவ்வளவுக்குப் பிறகும் உன்னைத் தவிர எனக்குப் போக்கில்லை' என்ற தவிப்பு மட்டும் இருக்கிறது. சித்தாந்தம் படர்க்கையில் சொன்னதைப் பாசுரம் தன்மையில் சொல்லிற்று. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் இலக்கண தூரம்தான். ஆனால் அறத்தின் முழுப் பிரச்னையும் அந்தத் தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

என் துணிபு இது: 'இந்த அடி அன்பின் அடையாளம்' என்ற வாக்கியம் தன்மை ஒருமைக்கு மட்டும் உரியது. காலம் என்று பார்த்தால் இறந்தகாலத்துக்கு உரியது. 'நான் அன்று பட்டது எனக்கு நல்லதாயிற்று' என்று ஒருவன் சொல்லலாம். 119ஆம் சங்கீதத்தில் பாடுகிறவன் அப்படித்தான் சொல்கிறான். தன்மையில் சொல்கிறான், பட்டு முடித்த பிறகு சொல்கிறான். நிருபத்தை எழுதியவரும் 'நாம் எல்லோரும் நம் தகப்பன்மாரிடம் பட்டவர்கள்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டே பேசுகிறார். அந்தத் தகப்பன்மார் தங்களுக்குத் தோன்றியபடி திருத்தினார்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லிவைக்கிறார். மனிதக் கை தவறும் என்பதற்கு அவ்வளவு போதும். எந்தத் திருத்தமும் படும்போது துக்கமே, பலன் பிற்பாடுதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். இதே வாக்கியத்தை முன்னிலைக்கும் நிகழ்காலத்துக்கும் மாற்றிப் பாருங்கள்: 'நீ இப்போது படுவது உன் நன்மைக்கு.' சொற்கள் அநேகமாக அவையேதான். ஆனால் பேசுகிறவன் இப்போது பிரம்பின் பக்கம் போய் நின்றுவிட்டான்.

3

விவிலியமே இதை அறிந்திருக்கிறது. யோபுவின் கதையில் மூன்று சிநேகிதர்கள் துக்கம் விசாரிக்க வருகிறார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருக்கிறார்கள். பிறகு பேசத் தொடங்குகிறார்கள். முதலில் பேசும் எலிப்பாஸ், 5ஆம் அதிகாரத்தில், கடவுள் திருத்தும் மனிதன் பாக்கியவான், சர்வவல்லவரின் சிட்சையை அற்பமாக எண்ணாதே என்கிற பொருளில் யோபுவுக்கு அறிவுரை சொல்கிறான். நீதிமொழிகளில் தகப்பன் மகனுக்குச் சொல்வதும் நிருபம் எடுத்தாள்வதும் ஏறக்குறைய இதே கருத்துதான். வார்த்தைகளைக் கொண்டு எலிப்பாஸைக் குற்றம் பிடிக்க முடியாது. ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுள் எலிப்பாஸை நேரடியாக அழைத்து, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம், நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்கிறார்.

யோபு பேசியது என்ன? வழக்காடினான். பிறந்த நாளைச் சபித்தான். கடவுளைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டான். எலிப்பாஸ் பேசியது வேதம். வழக்காடியவன் சரி, வேதம் பேசியவன் தப்பு என்று அந்த வேதமே தீர்ப்பு எழுதுகிறது. ஒரு கூற்றின் உண்மை அதன் சொற்களில் மட்டும் இல்லை. யார் வாயிலிருந்து, யாருடைய புண்ணைப் பார்த்து வருகிறது என்பதிலும் இருக்கிறது. கவிதையைப் பற்றி இதை நாம் ஓயாமல் சொல்கிறோம். வேதாந்தத்தைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறோம்.

அன்னை தெரசா தாமே பலமுறை சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. புற்றுநோயின் கடைசி வேதனையில் கிடந்த ஒருவரிடம், இயேசு உன்னை முத்தமிடுகிறார், அவ்வளவு நெருங்கி வந்திருக்கிறாய் என்றாராம். முத்தமிடுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று பதில் வந்ததாம். சிலர் இதை அவருடைய கொடுமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். சிலர் நகைச்சுவைக்குச் சான்றாக. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பதிலைச் சொன்னவரும் வேதாந்தம் பேசியவர்தான். யோபுவின் தரப்பு வேதாந்தம். அதை மறைக்காமல் கூட்டம் கூட்டமாகச் சொல்லிவந்ததில் தெரசா எலிப்பாஸைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் சாவு. முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து ஒருவர் போய்விட்டார். போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் அந்த அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, ஆண்டவர் பிரியமானவர்களைத்தான் சிட்சிப்பார் என்று ஆரம்பித்தார். நல்ல மனிதர், குரலில் கனிவிருந்தது. அந்த அம்மாள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மொகத்தாரத்துல மண்ணு தூந்து கெடக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தாரு ஐயா" என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. அவள் விசுவாசத்தை மறுக்கவில்லை. ஜெபம் தொடங்கியபோது முக்காடு போட்டுக்கொண்டாள். ஆனால் கடவுளின் பேரில் எழுதப்படவிருந்த ஒரு கணக்கை, எழுதுமுன்பே, சரியான விலாசத்துக்குத் திருப்பிவிட்டாள்.

4

தன்மை ஒருமை என்றேன். பன்மை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். தமிழில் இரண்டு பன்மை உண்டு. 'நாங்கள்' என்றால் கேட்பவன் வெளியே. 'நாம்' என்றால் உள்ளே. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பார்கள் இலக்கணக்காரர்கள். இந்த 'நாம்'தான் அபாயமானது.

1934 ஜனவரி 15இல் பீகாரில் பூகம்பம் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அப்போது ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, ஜனவரி 24இல் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் நம் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய சிட்சை இது என்று சொன்னார். ஆங்கிலத்தில் அவர் பயன்படுத்தியதும் விவிலிய வாடை வீசும் சொல்தான். தாகூர் அதிர்ச்சியடைந்து மறுத்து எழுதினார். பௌதிகக் காரணங்களால் நேர்ந்த அழிவுக்கு அறக் காரணம் சொல்வது மூட நம்பிக்கையை வளர்க்கும் என்றார். காந்தி அந்த மறுப்பைத் தம் ஹரிஜன் பத்திரிகையிலேயே போட்டுத் தம் பதிலையும் எழுதினார். விட்டுக்கொடுக்கவில்லை.

விஞ்ஞானமா மூட நம்பிக்கையா என்றே இந்தத் தர்க்கத்தைப் பிற்பாடு எல்லோரும் பேசுகிறோம். நான் அந்த 'நம்' என்ற சொல்லிலேயே நிற்கிறேன். காந்தி தம்மை விலக்கிக்கொண்டு பேசவில்லை. அது அவருடைய நேர்மை. ஆனால் மண் யார்மேல் சரிந்தது? தீண்டாமை செய்தவன்மேலும் அதற்கு ஆளானவன்மேலும் சேர்ந்தே சரிந்தது. தீண்டாமை செய்தவனைத் திருத்த, அவனால் ஒதுக்கப்பட்டவனின் குடிசையை இடிக்கிற தகப்பன் எப்படிப்பட்ட தகப்பன்? 'நாம் சிட்சிக்கப்பட்டோம்' என்ற வாக்கியத்தில், பாவம் செய்த நாமும் அடிபட்ட நாமும் வேறு வேறு ஆட்கள் என்பது மறைந்துபோகிறது. காந்தி தம் மனசாட்சிக்குச் சொல்லியிருந்தால் அது உண்மை. மேடையில் சொன்னபோது பீகாரின் பிணங்கள் ஒரு பிரசங்கத்துக்கு உதாரணமாகிவிட்டன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்து வேளாங்கண்ணியில் யாத்திரிகர்களைக் கொண்டுபோனபோதும் இதே பேச்சைக் கேட்டோம். பேசியவர்கள் பெரும்பாலும் கரையிலிருந்து தூரத்தில் இருந்தார்கள்.

மீஞ்சூரிலிருந்து பழவேற்காடு வெகுதூரமில்லை. அங்கே 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை சிதைந்துவிட்டது, கல்லறைகள் மிச்சம். அவர்களுடைய சபை ஏற்றுக்கொண்டிருந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் 1563இல் எழுதப்பட்டது. மழையும் வறட்சியும், விளைச்சலும் பஞ்சமும், சுகமும் நோயும் தற்செயலாக வருவதில்லை, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்று அது கற்பிக்கிறது. பிள்ளையின் வாயில் அழகான வாக்கியம். தன் பஞ்சத்தைத் தானே அப்படி ஏற்றுக்கொள்ளும் விவசாயியிடம் எனக்கு வாதமில்லை. ஆனால் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்தபோது, சோற்றுக்கு வழியின்றி விற்கப்பட்டவர்களை வாங்கி, இதே பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினார்கள் அந்தக் கம்பெனிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் அந்த உபதேசத்தைக் கேட்டவர்களும் அவர்கள்தாம். பஞ்சம் தகப்பன் கையிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். கப்பல் யார் கையிலிருந்து வந்தது?

அதே கேள்வியை மீஞ்சூர்க் கிணறுகளிடமும் கேட்கலாம். 1960களின் இறுதியிலிருந்து இந்தப் பக்கத்து நிலத்தடி நீரைப் பட்டணத்துக்கும் ஆலைகளுக்குமாக இறைத்தார்கள். இறைத்த இடத்தைக் கடல் வந்து நிரப்பிற்று. கிணறுகள் உப்பாயின, நெல் வயல்கள் தரிசாயின. பிறகு 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரின் உப்பைப் பிரித்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, வலையும் படகும் கறுத்தன. இதிலெல்லாம் சிட்சை என்ற சொல்லுக்கு வேலையில்லை. விலாசம் தெரிந்த கடிதத்தைக் கடவுளுக்குத் திருப்பி அனுப்புவது பக்தி ஆகாது. விலாசதாரருக்குச் செய்யும் உபகாரம் அது.

5

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். வேதனையைப் பட்டவனே, பட்டு முடித்து, 'அது என்னை நேசித்த கை' என்று சொன்னால் அதைப் பிடுங்க யாருக்கும் உரிமையில்லை. 'அது உன் மயக்கம், அடிமைப் புத்தி' என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிற நவீனனும் முன்னிலையில்தான் பேசுகிறான். அவனும் எலிப்பாஸின் நாற்காலியிலேயே உட்காருகிறான். அந்த வாக்கியத்தைச் சொல்ல அவன் எவ்வளவு தூரம் நடந்தான் என்பது நமக்குத் தெரியாது.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அதை யார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? அடிவாங்கிய பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். அணைத்த கையை நினைத்து அவளே சொன்னால் அதற்கு வேறு எடை. வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்தபின்பும் அந்தப் பேச்சு முழுக்கச் சாகவில்லை. பிரம்பால் ஆளானேன் என்று நன்றியோடு சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் வாக்கியம். அடுத்த பிள்ளைக்குப் பிரம்பு எடுக்க அது உரிமைப் பத்திரம் ஆகாது. நம் சிறுபத்திரிகை உலகில் இலக்கியத்தின்மேல் உள்ள பிரியத்தால் ஒருவரையொருவர் சிட்சித்துக்கொள்வதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடிபட்டவன் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. சுந்தரர் திருவொற்றியூரில் மகிழமரத்தடியில், உன்னைப் பிரியேன் என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தார். மீறி ஊரெல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. அந்த அடிக்குக் காரணம் உண்டு, அது அவருக்கே தெரியும். ஆனாலும் அவர் வாயை மூடிக்கொண்டு நடக்கவில்லை. திருமுல்லைவாயில் வழியாக வெண்பாக்கம் வந்து, உள்ளே இருக்கிறாயா என்று கேட்கிறார். யாரோ அந்நியனுக்குச் சொல்வதுபோல, இருக்கிறோம், போங்கள் என்று பதில் வருகிறது. கையில் ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. கோபத்தில் அந்தக் கோலை வீசி எறிந்தார், அது நந்தியின் கொம்பை உடைத்தது என்கிறது தலபுராணம். பூண்டி நீர்த்தேக்கம் 1940களில் கட்டப்பட்டபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போயிற்று. கோயிலைப் பூண்டிக்குக் கொண்டுவந்தார்கள். கொம்பொடிந்த நந்தியும் அங்கே இருக்கிறது. பிறகு காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண்.

இந்தக் கதையில் என்னைத் தொடுவது அவர் அடியைத் தன்னுடையதாக ஒப்புக்கொள்வதும், அதே மூச்சில் சண்டை பிடிப்பதும். தோழர் என்பதால் சண்டை. சண்டை பிடிக்க முடிவதால் தோழர். அந்த உரிமை இல்லாத இடத்தில் சிட்சை என்ற சொல்லைப் பேசக் கூடாது. அடித்தபின் அழக்கூட விடாத தகப்பனை யாரும் தகப்பன் என்பதில்லை.

கூட நிற்கிற நமக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். குருடனிடம் அவன் கண் போன காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோல் வெட்டிக் கொடுக்கலாம். அதை அவன் வீசி எறிந்தால் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி கையில் கொடுக்கலாம். முகத்துவாரத்தில் மண் தூர்ந்திருந்தால் அதை வாரச் சொல்லிக் கேட்கலாம்.